பச்சைப் புள்ளி சொன்ன பொய்

"சார், போர்டு தூங்குது."

பேக்கிங் தளத்து மேற்பார்வையாளர் அனுப்பிய செய்தி இவ்வளவுதான். கூடவே ஒரு புகைப்படம். சுவரில் மாட்டிய பெரிய திரையில், ஒரு மணி நேரத்துக்கு முன்பே கட்டி அனுப்பிய ஆர்டர் இன்னும் முதல் வரியில் நிற்கிறது. வலது மூலையில் நான் ஆசையாக வைத்த சின்னப் பச்சைப் புள்ளி, பக்கத்தில் 'இணைப்பில் உள்ளது' என்ற எழுத்து.

பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடுகிறது என்று அடுத்த செய்தி வந்தது. இந்த வரியைக் கேட்டதும் நிம்மதி வந்தால் அந்த ஆள் சோம்பேறி டெவலப்பர். எனக்கு நிம்மதிதான் வந்தது. அடுத்த வாரம் நான்கு திரைகள் தூங்கிய பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

ஜாவாவில் வெப்சாக்கெட் (ஒரே இணைப்பைத் திறந்தே வைத்து, சர்வரும் திரையும் இருபக்கமும் பேசிக்கொள்ளும் வழி) எழுதுவது பற்றித் தேடினால் பத்து வரியில் முடிகிற எக்கோ சர்வர் நிறையக் கிடைக்கும். அந்தப் பத்து வரியும் சரிதான். நானும் அதை வைத்துத்தான் ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதி வைக்கிறேன். நிரல் வரிகளை இங்கே ஒட்டப் போவதில்லை, பேச்சாகவே சொல்கிறேன்.

முதலில் எங்களிடம் இருந்தது போலிங். 40 திரைகள், ஒவ்வொன்றும் 3 விநாடிக்கு ஒருமுறை "புதுசா ஏதாவது இருக்கா?" என்று கேட்கும். நிமிடத்துக்கு 800 கேள்வி, பெரும்பாலும் "இல்லை" என்று ஒரே பதில். 40 திரைக்கு அது ஒன்றும் பாரமில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடுத்த கட்டமாகக் கையடக்க ஸ்கேனர்கள் 300 வருவதாக இருந்தது. அவை ஆர்டரை வாங்கிக்கொள்வதோடு, "இந்தப் பெட்டி முடிந்தது" என்று திருப்பியும் சொல்லும்.

அந்த நேரத்தில் சர்வர்-சென்ட் ஈவண்ட்ஸை நான் இன்னும் கொஞ்சம் மதித்திருக்கலாம். சர்வர் மட்டும் பேச, திரை கேட்டுக்கொண்டிருக்கும் வேலைக்கு அதுவே போதும். சாதாரண ஹெச்டிடிபி பதில்தான் அது, முடியாமல் நீண்டுகொண்டே போகும், அவ்வளவுதான். அறுந்தால் பிரௌசரே மறுபடி இணைந்துகொள்ளும், கடைசியாக வாங்கிய ஐடியையும் ஹெடரில் அனுப்பும். சுவர்த் திரைகளுக்கு அது, ஸ்கேனருக்குச் சாதாரண போஸ்ட் என்று பிரித்திருந்தால் இந்தப் பதிவில் பாதி இருந்திருக்காது. ஆனால் கூட்டத்தில் யாரோ "ரியல் டைம்" என்றார்கள், எல்லோருக்கும் வெப்சாக்கெட் என்றே காதில் விழுந்தது. எனக்கும்தான்.

சரி, வெப்சாக்கெட். 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. அதில் ரசிக்க வேண்டிய இடம் ஹேண்ட்ஷேக், அதாவது இணையும்போது நடக்கும் முதல் அறிமுகம். க்ளையன்ட் சாதாரண கெட் கோரிக்கை போலத்தான் வரும், ஆனால் அப்கிரேட் என்ற ஹெடரில் "நான் வெப்சாக்கெட்டுக்கு மாற வேண்டும்" என்று சொல்லும். கூடவே 16 பைட் தற்செயல் எண்ணை பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக்கிக் கொடுக்கும். சர்வர் அந்தச் சரத்தின் பின்னால், ஆவணத்திலேயே அச்சடித்து வைத்திருக்கும் ஒரு நிரந்தரச் சரத்தை ஒட்டி, ஷா-1 ஹேஷ் போட்டு, அதையும் பேஸ்64 ஆக்கித் திருப்பித் தர வேண்டும். நிலைக் குறியீடு 101.

அந்த நிரந்தரச் சரம் உலகத்துக்கே தெரியும். அப்புறம் எதற்கு இந்தச் சடங்கு என்று எங்கள் குழுத் தம்பி கேட்டான். இது பாதுகாப்புக்கு இல்லை. எதிர்ப்பக்கம் இருப்பது வெப்சாக்கெட் தெரிந்த சர்வர்தானா, இல்லை புரியாமலே எதையோ திருப்பி அனுப்பும் பழைய ஹெச்டிடிபி சர்வரா என்று தெரிந்துகொள்ளத்தான். கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டினால், "நான் இதைப் படித்திருக்கிறேன்" என்று அர்த்தம். 101 வந்த நொடியிலிருந்து அந்த டிசிபி இணைப்பில் ஹெச்டிடிபி கிடையாது. ஃப்ரேம்கள் மட்டும்தான். சர்வர் அனுப்பும் சின்னச் செய்திக்குத் தலைப்பு வெறும் 2 பைட். போலிங் காலத்தில் "இல்லை" என்று சொல்லவே போய் வந்த ஹெடர்களை நினைத்தால் சிரிப்பு வரும்.

ஜாவா பக்கம் இரண்டு வழி. ஒன்று, 2013இல் ஜாவா ஈஈ 7 உடன் வந்த ஜேஎஸ்ஆர் 356 என்ற ஜாவாவின் சொந்த வெப்சாக்கெட் தரம். ஒரு கிளாஸ் எழுதி, மேலே சர்வர் எண்ட்பாயிண்ட் என்ற அன்னொட்டேஷன், உள்ளே ஆன்ஓப்பன், ஆன்மெசேஜ், ஆன்க்ளோஸ், ஆன்எரர் என்று நான்கு மெத்தட். இன்னொன்று, நாங்கள் பயன்படுத்தும் ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் தரும் ஹேண்ட்லர் வகை.

முதல் வழியில் போய் ஒரு பகல் முழுக்கத் தொலைத்தேன். பழைய பதிவு ஒன்றிலிருந்து இம்போர்ட் வரிகளை எடுத்தேன், எல்லாம் ஜாவாக்ஸ் என்று ஆரம்பிப்பவை. எங்கள் திட்டம் ஸ்பிரிங் பூட் 3. அங்கே எல்லாம் ஜகார்த்தா ஆகிவிட்டது. அந்தப் பழைய லைப்ரரியையும் டிபெண்டன்சியில் சேர்த்திருந்ததால் கம்பைல் ஆயிற்று, ஓடவும் ஓடிற்று, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஆனால் அடியில் ஓடும் வெப் சர்வரான டாம்கேட் 10 ஜகார்த்தா அன்னொட்டேஷனைத்தான் தேடும். என் கிளாஸை அது கண்டுகொள்ளவே இல்லை. க்ளையன்டுக்கு 404. பிழைச் செய்தியோடு விழுந்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பேன்.

அதைச் சரிசெய்ததும் அடுத்தது. எண்ட்பாயிண்ட் கிளாஸுக்குள், ஸ்பிரிங்கே கொண்டுவந்து பொருத்தட்டும் என்று ஆட்டோவயர்டு போட்ட சர்வீஸ் காலியாக (null) நின்றது. காரணம் எளிது. அந்த கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்குவது ஸ்பிரிங் இல்லை, டாம்கேட். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு புது ஆப்ஜெக்டை அது தன் பாட்டுக்கு உருவாக்கும். இதற்கும் சுற்றுவழி உண்டு, ஆனால் அதோடு நான் ஸ்பிரிங்கின் டெக்ஸ்ட் வெப்சாக்கெட் ஹேண்ட்லருக்கு மாறிவிட்டேன். அதில் ஒரே ஹேண்ட்லர் எல்லா இணைப்பையும் பார்க்கும். எந்த செஷன், அதாவது எந்த இணைப்பு என்பது அளபுருவாக வரும். செஷன்களை ஒரு கன்கரண்ட் ஹாஷ்மேப்பில் வைத்துக்கொண்டால் ஆயிற்று.

வெப்சாக்கெட்டின் மேல் ஓடும் ஸ்டாம்ப் (STOMP) என்ற செய்தி நெறிமுறையை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். சாட் மாதிரி பல அறைகள், யார் எதற்குச் சந்தா என்ற கணக்கு இருந்தால் எடுத்திருப்பேன். எங்களுக்கு இருந்தது "தளம் இன்னது" என்ற ஒரே பிரிவு. அதற்கு மேல் இன்னொரு நெறிமுறை வேண்டாமே என்று தோன்றியது.

லேப்டாப்பில் எல்லாம் அருமையாக ஓடியது. ஸ்டேஜிங் என்ற ஒத்திகைச் சர்வரில், என்ஜின்எக்ஸ் (nginx) என்ற ப்ராக்ஸிக்குப் பின்னால் வைத்ததும் ஹேண்ட்ஷேக்கே நடக்கவில்லை. அப்கிரேட் ஹெடர் அடுத்த முனை வரைக்கும் மட்டுமே உரியது. நடுவில் இருக்கும் ப்ராக்ஸி அதைத் தானாக அடுத்த பக்கத்துக்குக் கடத்தாது. மேலும் எங்களிடம் இருந்த பதிப்பு பின்பக்கச் சர்வரோடு ஹெச்டிடிபி 1.0இல் பேசிக்கொண்டிருந்தது. 1.1 என்று சொல்லி, அப்கிரேட், கனெக்‌ஷன் இரண்டு ஹெடரையும் கையால் கடத்தச் சொன்னேன். மூன்று வரி.

அதற்கடுத்த வாரம் வேடிக்கை. பகலில் இணைப்பு அறுவதே இல்லை. இரவில் நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறது. பிரௌசர் லாகில் 1006 என்ற எண் வரிசையாக. 1006ஐ யாரும் கம்பி வழியே அனுப்புவதில்லை. விடைபெறும் க்ளோஸ் ஃப்ரேம் வராமலே இணைப்பு போய்விட்டால் பிரௌசர் தானே அப்படிக் குறித்துக்கொள்ளும். அறுக்கும் ஆள் என்ஜின்எக்ஸ்தான். பின்பக்கத்திலிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் அது மூடிவிடும். பகலில் சில விநாடிக்கு ஒரு ஆர்டர் வருவதால் அந்த 60 நிறைவதே இல்லை. இரவில் ஆர்டர் குறைவு.

25 விநாடிக்கு ஒருமுறை எல்லா செஷனுக்கும் பிங் ஃப்ரேம் அனுப்ப ஒரு ஷெட்யூலர் வைத்தேன். பிங்குக்குப் பிரௌசர் தானாகவே பாங் சொல்லும், நாம் எதுவும் எழுத வேண்டியதில்லை. அறுவது நின்றது. வேலை முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போனேன்.

முடியவில்லை. இரண்டு நாள் கழித்து லாகில் ஒரு இல்லீகல் ஸ்டேட் எக்செப்ஷன். ரிமோட் எண்ட்பாயிண்ட் டெக்ஸ்ட் ஃபுல் ரைட்டிங் என்ற நிலையில் இருக்கிறது, இந்த மெத்தடை இப்போது கூப்பிடக் கூடாது என்கிறது டாம்கேட். அதாவது ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) ஒரு செஷனில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு த்ரெட்டும் அதே செஷனில் எழுத வந்திருக்கிறது. அதுவரை ஆர்டர் லிஸனர் ஒன்றுதான் எழுதிக்கொண்டிருந்தது. ஸ்கேனருக்குப் பதில் எழுதும் த்ரெட் என்று இரண்டாவது ஆளைச் சேர்த்தேன், மோதிக்கொண்டார்கள். லேப்டாப்பில் நூறு முறை ஓட்டினாலும் வராத பிழை இது. கொஞ்சம் மெதுவான நெட்வொர்க் இருந்தால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

ஸ்பிரிங்கில் இதற்கென்றே ஒரு பொதி உண்டு, கன்கரண்ட் வெப்சாக்கெட் செஷன் டெக்கரேட்டர். செஷனை அதற்குள் போட்டு, அனுப்பும் நேரத்துக்கு ஒரு எல்லை, தேங்கும் அளவுக்கு ஒரு எல்லை என்று இரண்டு எண் கொடுத்தால் போதும். ஒரு த்ரெட் எழுதிக்கொண்டிருந்தால் மற்றவை தங்கள் செய்தியைத் தேக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விடும். எல்லை மீறினால் செஷனை மூடிவிடும். எக்செப்ஷன் நின்றது.

ஆனால் ஒரு மதியம் எல்லாத் திரையும் சேர்ந்து 20 விநாடி தாமதமாக ஓடின. ஒன்றிரண்டு இல்லை, எல்லாமே. இந்த 20 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், டாம்கேட்டில் தடுத்து நிற்கும் அனுப்பலுக்கு இயல்பான காலக்கெடு 20 விநாடி. டெக்கரேட்டர் காப்பாற்றுவது இரண்டாவதாக வரும் த்ரெட்டைத்தான். முதலில் எழுதப் போன த்ரெட் அங்கேயே நின்றுகொண்டுதான் இருக்கும். என் பிராட்காஸ்ட்டோ ஒரே த்ரெட்டில் ஓடும் ஒரு ஃபார் லூப். மூன்றாவது செஷன் இழுத்துக்கொண்டிருக்கும் டேப்லெட் என்றால் நான்காவதிலிருந்து எல்லோரும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்தேன். ஒவ்வொரு அனுப்பலையும் ஒரு த்ரெட் பூலுக்குத் தள்ளிவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. தள்ளினால் ஒரே செஷனுக்குப் போகும் இரண்டு செய்திகள் இடம் மாறிப் போக வாய்ப்பு உண்டு. 'முடிந்தது' முதலில் போய் 'ஆரம்பித்தது' பின்னால் போனால் திரையில் முடிந்த பெட்டி மறுபடி உயிர்த்து வரும். கடைசியில் செய்தது இது. ஒவ்வொரு செஷனுக்கும் 64 இடம் கொண்ட ஒரு வரிசை. அதிலிருந்து எடுத்து அனுப்ப, செஷனுக்கு ஒன்றாக, வர்ச்சுவல் த்ரெட் என்ற இலேசான த்ரெட். ஜாவா 21 வந்திருந்ததால் 340 த்ரெட் என்பதெல்லாம் பேச்சே இல்லை, அந்த எண்ணிக்கைக்குச் சாதாரண த்ரெட்டே தாங்கியிருக்கும். பிங்கும் அதே வரிசை வழியாகவே போகும். எழுதுபவர் ஒரே ஆள் என்று ஆகிவிட்டதால் டெக்கரேட்டரை எடுத்துவிட்டேன். பிராட்காஸ்ட் லூப்பின் வேலை வரிசையில் போடுவது மட்டும், போட்டுவிட்டு நிற்காமல் நகர்ந்துவிடும்.

வரிசை நிறைந்துவிட்டால்? சாட் என்றால் ஒவ்வொரு செய்தியும் முக்கியம். எங்கள் போர்டுக்கு நடந்த கதை எல்லாம் தேவையில்லை, இப்போதைய நிலைமை தெரிந்தால் போதும். அதனால் நிறைந்ததும் வரிசையை மொத்தமாகக் கொட்டிவிட்டு, "இவருக்கு முழுப் பட்டியல் அனுப்பு" என்று ஒரு கொடி நட்டு வைக்கிறேன். மெதுவான டேப்லெட் நடுவில் நாற்பது மாற்றங்களைப் பார்க்காமல் போகலாம். கடைசி நிலை அதற்குச் சரியாகவே கிடைக்கும். இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த முடிவு இதுதான்.

இவ்வளவு செய்தும் மேற்பார்வையாளரின் போர்டு தூங்கியது. பச்சைப் புள்ளியோடு.

பச்சைப் புள்ளியை எதை வைத்துப் போட்டேன் என்று பார்த்தேன். பிரௌசரின் சாக்கெட் ஆப்ஜெக்டில் ரெடிஸ்டேட் என்று ஒன்று உண்டு, அது ஓப்பன் என்றால் பச்சை. அந்த ஓப்பன் சொல்வது, மூடியதாக இதுவரை தனக்குச் செய்தி வரவில்லை என்பதை மட்டும்தான். எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

பேக்கிங் தளத்தில் வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்டை யாரோ மாற்றுகிறார்கள், அல்லது நடுவில் ஒரு ஃபயர்வால் இந்த இணைப்பை மறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசிபிக்கு விடைபெறும் பொட்டலம் யாரும் அனுப்பவில்லை. சர்வர் எழுதினால் அது கெர்னலின் பஃபருக்குள் போய் உட்காரும், ஜாவாவுக்கு "அனுப்பியாயிற்று" என்று பதில் வரும். லினக்ஸ் அதை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்து, இயல்பான அமைப்பில் கால் மணி நேரம் போலக் கழித்துத்தான் கைவிடும். அதுகூட எழுதும் பக்கத்துக்கு. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் திரையின் நிலை இன்னும் மோசம். அது எதையும் அனுப்புவதில்லை, ஆகவே எதுவும் தோற்பதும் இல்லை. டிசிபி கீப்அலைவ் காப்பாற்றுமே என்றால், லினக்ஸின் இயல்பான அமைப்பில் அது முதல் சோதனை அனுப்ப 7200 விநாடி காத்திருக்கும். இரண்டு மணி நேரம். ஒரு மணி நேரம் பழைய ஆர்டர் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

சர்வர் பக்கம் பாங் வந்த கடைசி நேரத்தைக் குறித்துவைத்து, 60 விநாடியாக வராவிட்டால் செஷனைத் தூக்கிவிட்டேன். திரைப் பக்கம்தான் சங்கடம். பிரௌசரின் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து பிங் அனுப்ப வழி கிடையாது. வந்த பிங்கையும் அது நம் கண்ணில் காட்டாது, தானே பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். நான் 25 விநாடிக்கு ஒருமுறை அனுப்பிய பிங், திரையில் ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு இல்லாத மாதிரிதான். அதனால் சாதாரண டெக்ஸ்ட் செய்தியாகவே ஒரு துடிப்பு அனுப்பினேன், 20 விநாடிக்கு ஒன்று. 45 விநாடி எதுவுமே வராவிட்டால் இணைப்பு செத்தது என்று திரையே முடிவு செய்து புது சாக்கெட் திறக்க வேண்டும்.

அதிலும் ஒரு கல் தடுக்கியது. செத்த சாக்கெட்டில் க்ளோஸ் என்று கூப்பிட்டுவிட்டு, ஆன்க்ளோஸ் நிகழ்வில் மறுஇணைப்பு என்று எழுதியிருந்தேன். க்ளோஸ் என்பதும் ஒரு பேச்சுவார்த்தை. இந்தப் பக்கம் க்ளோஸ் ஃப்ரேம் அனுப்பி, அந்தப் பக்கத்துப் பதிலுக்குக் காத்திருக்கும். அந்தப் பக்கம்தான் ஆளே இல்லையே. ஆன்க்ளோஸ் வெகுநேரம் வராது. இப்போது செத்த சாக்கெட்டின் ஹேண்ட்லர்களை எல்லாம் கழற்றிவிட்டு, க்ளோஸ் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்ததைத் திறந்துவிடுகிறேன்.

மறுஇணைப்பு சரியானதும் அடுத்த கேள்வி தானாக வந்தது. அறுந்திருந்த நேரத்தில் வந்த ஆர்டர்கள் எங்கே? இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இரவில் நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து சேர்ந்த காலத்திலும் ஒவ்வொரு இடைவெளியிலும் செய்தி விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இரவு என்பதால் குறைவாக விழுந்தது, அவ்வளவுதான். வெப்சாக்கெட்டுக்கு நினைவு கிடையாது. புது இணைப்பு என்றால் புது ஆள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தேன். இணைந்ததும் சர்வர் முழுப் பட்டியலையும், அது எந்த எண் வரைக்குமானது என்பதையும் அனுப்பும். அதன் பிறகு மாற்றங்கள் மட்டும். இங்கே ஒழுங்கு முக்கியம். முதலில் செஷனை ஹாஷ்மேப்பில் சேர்த்துவிட்டு, அப்புறம்தான் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து படிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் படித்ததற்கும் சேர்த்ததற்கும் நடுவில் வந்தது காற்றோடு போகும். சரியாகச் செய்தால் சில மாற்றங்கள் இரண்டு முறை வரும். பட்டியல் எண்ணுக்குக் கீழே இருப்பதைத் திரை தள்ளிவிடும். பட்டியல் வருவதற்கு முன்பே வந்துவிட்டவற்றைத் திரை பிடித்து வைத்துக்கொள்ளும்.

வரிசை எண்ணுக்கு முதலில், கேட்கக் கேட்க அடுத்த எண்ணைத் தரும் டேட்டாபேஸின் சீக்வென்ஸைப் பயன்படுத்தினேன். தப்பு. 100ஐ வாங்கிய டிரான்ஸாக்‌ஷன் இன்னும் கமிட் ஆகாமல் (உறுதியாகப் பதிவாகாமல்) இருக்கும்போதே 101 கமிட் ஆகிவிடும். திரைக்கு 101 முதலில் வரும். பின்னால் வரும் 100ஐ, "இது பழசு" என்று தள்ளிவிடும். ஒரு ஆர்டர் சத்தமில்லாமல் காணாமல் போகும். இதைக் கண்டுபிடித்தது தம்பிதான். "அண்ணா, எண் வாங்குற வரிசை வேற, கமிட் ஆகுற வரிசை வேறல்ல?" என்று டீ குடித்துக்கொண்டே கேட்டான். தளத்துக்கு ஒரு எண்ணி வரி வைத்து, ஆர்டரை மாற்றும் அதே டிரான்ஸாக்‌ஷனில் அந்த வரியையும் ஒன்று கூட்டினோம். அந்த வரியில் பூட்டு விழுவதால் ஒருவர் கமிட் செய்த பிறகே அடுத்தவருக்கு எண். வேகம் குறையும்தான். நிமிடத்துக்கு லட்சம் மாற்றம் வரும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது. எங்கள் பெட்டிகள் அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை.

சர்வர் இரண்டு ஆனபோது, செய்தியைக் கேட்பவர் எல்லோருக்கும் பரப்பும் ரெடிஸ் பப்-சப்பை நடுவில் வைத்தோம். ஒரு சர்வரில் வந்த ஸ்கேன் இன்னொன்றில் இணைந்திருக்கும் திரைக்கும் போக வேண்டுமே. ரெடிஸ் பப்-சப் செய்தியைச் சேமித்து வைக்காது. கேட்க ஆள் இல்லாத நொடியில் வந்தது போனதுதான். ஆனால் அந்த நேரத்தில் வரிசை எண்கள் ஏற்கெனவே இருந்தன. 57க்கு அடுத்து 59 வந்தால் திரையே "முழுப் பட்டியல் கொடு" என்று கேட்கும். விழுந்தது கடைசிச் செய்தியாக இருந்து, அதற்குப் பின் எதுவுமே வராவிட்டால் ஓட்டை தெரியாதே என்பது இரண்டு நாள் கழித்துத் தோன்றியது. துடிப்புச் செய்திக்குள் தளத்தின் கடைசி எண்ணையும் சேர்த்தேன். திரை தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். சில நேரம் அவசரப்பட்டுத் தேவையில்லாமல் பட்டியல் கேட்கும். கேட்கட்டும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரௌசரின் வெப்சாக்கெட்டில் ஆத்தரைசேஷன் ஹெடர் வைக்க முடியாது. டோக்கனை யூஆர்எல்லில் வைத்தால் அது ப்ராக்ஸியின் ஆக்சஸ் லாகில் போய் உட்காரும். நாங்கள் குக்கி வைத்துக்கொண்டோம். குக்கி என்றால் ஆரிஜினை, அதாவது கோரிக்கை எந்த இணையதளத்துப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை, சர்வர் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேற்றுத் தளக் கோரிக்கைகளைப் பிரௌசர் கட்டுப்படுத்தும் சிஓஆர்எஸ் விதி வெப்சாக்கெட்டுக்குப் பொருந்தாது. எந்த இணையதளத்துப் பக்கமும் நம் சர்வரோடு இணையப் பார்க்கலாம், பயனரின் குக்கியும் கூடவே வரக்கூடும். ஸ்பிரிங் இயல்பாகவே ஒரே ஆரிஜினைத்தான் விடும். அதனால் ஸ்டேஜிங்கில் ஓடவில்லை என்று யாரோ நட்சத்திரக் குறி போட்டு எல்லோரையும் அனுமதித்து வைத்திருந்தார்கள். யார் என்று, கோட் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் பார்த்தேன். நான்தான்.

இன்னொன்று, ஹேண்ட்ஷேக்கில் ஒருமுறை அனுமதி பார்த்ததோடு சரி. அந்த ஆள் லாக்அவுட் செய்தாலும் இணைப்பு திறந்தே இருக்கும். ஷிஃப்ட் முடிந்து போனவரின் ஸ்கேனருக்கு ஆர்டர் போய்க்கொண்டிருந்தது. லாக்அவுட் ஆனதும் அவருடைய செஷன்களைத் தேடி மூடும் வேலையைத் தனியாக எழுத வேண்டியிருந்தது.

புதுப் பதிப்பை ஏற்றும் டெப்ளாய் நேரத்தில் 340 இணைப்பும் ஒரே நொடியில் திரும்பி வந்து முழுப் பட்டியல் கேட்டதில் டேட்டாபேஸ் திணறியது. மறுஇணைப்புக்கு முன் காத்திருப்பு நேரத்தைத் தற்செயலாகச் சிதறவிட்டதும் அடங்கியது. ஒரு ஸ்கேனர் நாள் முழுக்க ஆஃப்லைனில் சேர்த்த பட்டியலை ஒரே செய்தியாக அனுப்பி, 'செய்தி மிகப் பெரியது' என்று சொல்லும் 1009 குறியீட்டை வாங்கியது. டாம்கேட்டின் இயல்பான 8192 எல்லையை உயர்த்தாமல், ஸ்கேனரைத் துண்டு துண்டாக அனுப்பச் சொன்னேன்.

இதையெல்லாம் சோதிப்பது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். லேப்டாப்பின் கேபிளைப் பிடுங்குவது சோதனை ஆகாது. கேபிள் போனது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கே தெரிந்துவிடும். நடுவில் வெட்ட வேண்டும். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் அந்தப் போர்ட்டின் பொட்டலங்களை ட்ராப் செய்யச் சொன்னால் யாருக்கும் பதில் போகாது. ரிஜெக்ட் என்று போட்டால் பதில் போய்விடும், அது வேறு சோதனை.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. சர்வர் புராஸஸுக்கு ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறைய வைப்பது. ஜேவிஎம் அசையாது, ஆனால் கெர்னல் விழித்திருக்கும். வரும் பொட்டலத்துக்கெல்லாம் 'கிடைத்தது' என்று ஒழுங்காக அக் சொல்லிக்கொண்டே இருக்கும். டிசிபி கீப்அலைவை எவ்வளவு இறுக்கி வைத்தாலும் இந்த நிலையை அது கண்டுபிடிக்காது. நம் துடிப்புச் செய்தி கண்டுபிடிக்கும். தம்பியை ஒரு திரை முன்னால் நிறுத்தி, சர்வரை உறைய வைத்து, எண்ணச் சொன்னேன். 41இல் திரை மாறியது. கடைசித் துடிப்பு வந்து 4 விநாடி கழித்துத்தான் நான் உறைய வைத்திருக்கிறேன், கணக்குச் சரி.

பச்சைப் புள்ளியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது 'கடைசிச் செய்தி: 8 விநாடி முன்' என்று ஒரு வரி ஓடுகிறது. மேற்பார்வையாளருக்கு முதலில் பிடிக்கவில்லை, கண்ணை உறுத்துகிறது என்றார். போன வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி, புகைப்படம் இல்லாமல்: "சார், மூணாவது போர்டு 40 தாண்டிருச்சு. வைஃபை ஆளைக் கூப்பிடவா, உங்களைக் கூப்பிடவா?"